காருக்குள்ளே ஒரு நீதி, வீதியிலே ஒரு நீதி

கோடை தொடங்கினால் பார்க் எக்ஸ்டென்ஷன் வீதிகளிலே புதிய முதிய முகங்கள் தென்படும். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி பூங்காவுக்குச் செல்லும் அம்மம்மா, ஜோன் ரலோன் வீதியிலே மரக்கறிக்கடை தேடி நடக்கும் அப்பப்பா என இவர்களுட் பலர் பார்வையாளர் விசாவிலே சில மாதங்கள் தங்கிச் செல்ல வந்தவர்கள். அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தாம் தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்றால், அதுவே அவருடைய பாதுகாப்பு நிலையை இழப்பதற்குக் காரணமாகலாம். 2012 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் நிரந்தர வதிவுரிமையும் அதனோடு சேர்ந்து பறிபோகக்கூடும். ஆகவே பெற்றவர் முகம் காண விரும்பும் அகதிக்கு, அவர்களை இங்கே அழைப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

அவ்வாறு வருவோர் அனைவருக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. இலங்கையிலே வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்வன. வீதியைக் கடக்கக் கால் வைக்குமுன் முதலில் வலப்புறம் நோக்குவதையே அறுபது, எழுபது ஆண்டுகளாக அவர்களுடைய கழுத்து பழகியிருக்கிறது. இங்கோ முதலில் வரும் வாகனம் இடப்புறத்திலிருந்து வருகிறது. அக்காடி பெருவீதியிலோ ஜாரி வீதியிலோ ஒரு கணம் தவறிய பக்கம் பார்த்தால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நேர்ந்த பின்னர் சட்டம் என்ன செய்கிறது என்பதே இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விடயம். 'கியூபெக்கிலே வாகன விபத்துக்குப் பிழை பார்ப்பதில்லை, யாருக்கும் நட்டஈடு உண்டு' என்று எம்மவர் பலர் நம்பியிருக்கின்றனர். இங்கு வாழ்வோரைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை சரியானதே. விருந்தாக வந்த தாய் தந்தையரைப் பொறுத்தவரை அது பாதி மட்டுமே உண்மை.

முதலிலே அந்த நல்ல பாதியைக் கூறிவிடுவோம். 1976 நவம்பரில் ஆட்சிக்கு வந்த ரெனே லெவெக்கின் அரசாங்கத்திலே அமைச்சராக இருந்த லீஸ் பயெற் அம்மையார், வாகனக் காப்புறுதிச் சட்டத்தை முன்வைத்தார். தொலைக்காட்சியிலே புகழ்பெற்றிருந்த இவ்வம்மையார் சட்டத்தரணிகளினதும் காப்புறுதிக் கம்பனிகளினதும் கடும் எதிர்ப்புக்கிடையிலே அதனை நிறைவேற்றினார். 1978 மார்ச் 1 ஆம் திகதி முதல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாகனத்தினால் உடலிலே காயமுற்றவர் இனி வழக்காடத் தேவையில்லை. யார் பிழை என்று நிறுவவும் தேவையில்லை. எம்மவர் 'சாக்' என வழங்கும் வாகனக் காப்புறுதிச் சபை சட்டத்திலே குறித்த நட்டஈட்டைக் கொடுக்கும். அதற்கு ஈடாக, மோதியவர்மீது உடற்காயத்துக்காக வழக்குத் தொடரும் உரிமை நீங்கியது. குடியிருப்பாளராகக் கருதப்படுவதற்குக் கனடியக் குடியுரிமை வேண்டியதில்லை. கியூபெக்கிலே வாழும் ஒருவர் ஸ்காபரோவிலே மோதுண்டாலும் சரி, யாழ்ப்பாணத்திலே மோதுண்டாலும் சரி, இவ்வுரிமை அவருடன் செல்லும். இதனை அறியாது விண்ணப்பியாமல் விட்டவர்களும் எம்மிடையே உளர்.

இது எத்தகைய மாற்றம் என்பதை உணர்வதற்கு முன்னைய நிலையைச் சற்று நோக்க வேண்டும். பிழையின் வரலாறு நீண்டது. 1809 இல் இங்கிலாந்திலே ஒருவர் வீதியின் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டு வைத்தார். குதிரையிலே விரைந்து வந்த மற்றொருவர் அதிலே மோதி விழுந்தார். 'நீ மெதுவாக வந்திருந்தால் கம்பத்தைக் கண்டிருப்பாய்' என்று கூறி, நீதிமன்றம் விழுந்தவருக்கு ஒரு சதமும் இல்லை என்றது. 1842 இல் கால் கட்டப்பட்டு வீதியிலே விடப்பட்ட ஒரு கழுதையை வண்டிக்காரன் மோதிக் கொன்ற வழக்கிலே, கழுதைக்காரன் பிழை செய்திருந்தாலும் வண்டிக்காரன் கவனமாக வந்திருந்தால் மோதலைத் தவிர்த்திருக்கலாம் என்று கூறி, கழுதைக்காரனுக்கே தீர்ப்பளிக்கப்பட்டது. முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்பதே அக்கால நீதி. காயமுற்றவரிடத்தே சிறு பிழை காணப்பட்டாலும் பெரும் பிழை செய்தவர் கைவீசிக்கொண்டு செல்லலாம்.

இந்தக் கடுமையைத் தணிக்கவே பிழையைப் பங்கு போடும் முறை வந்தது. ஒன்ராறியோ 1924 இலும், இங்கிலாந்து 1945 இலும், இலங்கை 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தினாலும் அதனை ஏற்றன. காயமுற்றவருக்கு நூற்றுக்கு நாற்பது பிழை என்றால், நட்டஈட்டிலே நாற்பது குறையும். 1994 சனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் குடியியற் சட்டக்கோவையின் 1478 ஆம் பிரிவும் இதனையே கூறுகிறது: பலர் சேர்ந்து தீங்கு விளைத்தால் அவரவர் பிழையின் கனத்துக்கேற்பப் பொறுப்புப் பகிரப்படும், பிழையிலே காயமுற்றவருக்கும் பங்கிருந்தால் அவரும் அப்பகிர்விலே சேர்க்கப்படுவார். பழைய நீதியோடு ஒப்பிடுகையில் இது பெரிய முன்னேற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அம்முன்னேற்றமும் போதாது என்று கண்டதனாலேயே கியூபெக் வேறு வழி தேடியது. தொழிற்சாலை விபத்துக்களிலே 1909 இலேயே பிழை பார்க்கும் முறையிலிருந்து விலகத் தொடங்கிற்று. ஷபானெல் வீதித் தையற்சாலையிலே விரலை ஊசிக்குக் கொடுத்த எம் சகோதரி, தானா கவனக்குறைவு, இயந்திரமா பழையது என்று வாதாடாமல் இன்று நட்டஈடு கேட்க முடிவது அம்மரபினாலேயே. அதன் அடுத்த பெரும்படி 1978 ஆம் ஆண்டுச் சட்டம்.

இனி அச்சட்டத்தின் மற்றப் பாதிக்கு வருவோம். அதன் 8 ஆம், 9 ஆம் பிரிவுகளை அடுத்தடுத்து வாசித்தால் விந்தையான ஒரு முரண் புலப்படும். கியூபெக்கிலே பதிவு செய்யப்பட்ட வாகனம் கியூபெக்கிலே விபத்துக்குள்ளானால், அதன் உரிமையாளரும் சாரதியும் அதிலே பயணஞ் செய்தோரும் கியூபெக்கிலே வாழ்பவர்களாகவே கருதப்படுவர் என்கிறது 8 ஆம் பிரிவு. கியூபெக்கிலே வாழாத ஏனையோர் இங்கு விபத்துக்குள்ளானால், விபத்துக்குத் தாம் பொறுப்பாகாத அளவுக்கு மட்டுமே நட்டஈடு பெறுவர் என்கிறது 9 ஆம் பிரிவு. அவர்களுடைய நாட்டோடோ மாகாணத்தோடோ சபை தனி உடன்பாடு செய்திருந்தால் மாத்திரம் வேறு ஏற்பாடு.

உதாரணமாக ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். நல்லூரிலிருந்து மகனிடம் மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார், வயது எழுபத்திரண்டு. திங்கட்கிழமை மகனுடைய காரிலே கோயிலுக்குச் செல்லும்போது மகனே சிவப்பு விளக்கைக் கவனியாது சென்று மோதினாலும், பின்னிருக்கையிலிருந்த தாயாருக்கு முழு நட்டஈடும் உண்டு. யாரும் பிழை கேட்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அதே தாய் கடைக்கு நடந்து சென்று, சந்திக்குச் சற்றுத் தள்ளி வீதியைக் கடக்கையில் மோதப்பட்டால், கேள்வி எழும். அருகிலே சந்தி இருந்ததல்லவா? அவ்விடத்திலேதானே கடந்திருக்க வேண்டும்? இடப்புறம் பார்த்தாரா? நூற்றுக்கு அறுபது பிழை அவருடையது என்று முடிவானால், வைத்தியச் செலவு முதல் நிரந்தர ஊனத்துக்கான தொகை வரை நாற்பதே கிடைக்கும். முழுப்பிழை என்றால் ஒன்றுமே இல்லை. 1809 ஆம் ஆண்டின் குதிரைக்காரனுக்குக் கிடைத்த அதே வெறுங்கை.

தாயும் அதே தாய், வீதியும் அதே வீதி. இரும்புக் கூட்டுக்குள் அமர்ந்திருந்தவருக்கு முழுப் பாதுகாப்பு. ஒரு பாதுகாப்புமின்றி நடந்து சென்றவருக்குப் பங்குக் கணக்கு. இதனை வகுத்தவர்கள் வேண்டுமென்றே முதியவரை வஞ்சித்தார்கள் என்று நாம் கூறவில்லை. அமெரிக்க உல்லாசப் பயணியை மனத்திலே கொண்டு எழுதப்பட்ட விதியாக இருக்கலாம். அகதிக் குடும்பம் ஒன்றின் பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவர் என்பது எழுபதுகளிலே யாருடைய மனத்திலும் தோன்றியிராது.

எமக்கு மிகப்பெரும் குறையாகத் தோன்றுவது வேறொன்று. 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் உடன்படிக்கை போன்றது. மக்கள் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுத்தனர். அரசாங்கம் பிழை கேட்பதை விட்டுக்கொடுத்தது. விருந்தினருடைய வழக்கு உரிமையையும் அதே சட்டம் எடுத்துக்கொண்டது. மோதிய சாரதியின்மீது அந்தத் தாய் இங்குள்ள நீதிமன்றத்திலே உடற்காயத்துக்கு வழக்கிட இயலாது. எனினும் அவரிடம் பிழை கேட்பதை மட்டும் சட்டம் விடவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டியதிலே பாதியை மறித்து வைப்பது எந்தச் சந்தையிலும் நேர்மையான வியாபாரமாகாது.

பிழையை நூற்றுவீதத்திலே அளப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பல்லாண்டு காலம் விடைத்தாள் திருத்திப் புள்ளியிட்டவர்கள் நாம். ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் ஐம்பத்தைந்தும் மற்றவர் எழுபதும் இடுவதைக் கண்டிருக்கிறோம். அதுவும் விடைத்தாள் கண்முன்னே இருக்கையில். விபத்திலே விடைத்தாள் இல்லை. ஒரு கணத்திலே முடிந்துபோன நிகழ்ச்சியைச் சாரதி ஒருவிதமாகச் சொல்வார். அவருக்குப் பிரெஞ்சோ ஆங்கிலமோ சரளமாக வரும். மோதப்பட்டவர் நினைவிழந்து வைத்தியசாலையிலே கிடப்பார். நினைவு திரும்பினாலும் அவருடைய மொழி பொலிசாருக்குப் புரியாது. மகனோ மருமகளோ மொழிபெயர்ப்பார்கள், ஆனால் அவர்கள் சம்பவத்தைக் கண்டவர்களல்லர். போதாக்குறைக்கு, எம் முதியவர்களிடம் ஒரு பண்பு உண்டு. யார் இடித்தாலும் 'பரவாயில்லை தம்பி, நான்தான் பாராமல் வந்திட்டன்' என்பார்கள். ஊரிலே அது மரியாதை. இங்கே பொலிசாரின் அறிக்கையிலே அது வாக்குமூலம்.

இத்தகைய நிலையிலே இடப்படும் நூற்றுவீதம் நடந்ததை அளப்பதிலும் பார்க்க, யாருக்குச் சாட்சி உண்டு, யாருக்கு மொழி உண்டு என்பதையே அளக்கிறது. பொறுப்புப் பற்றிய சபையின் முடிவை ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம் என்று சட்டம் வழி விட்டிருக்கிறது. முடிவு வந்து 180 நாட்களுக்குள் செல்ல வேண்டும். ஊன்றுகோலோடு நல்லூருக்குத் திரும்பிவிட்ட ஒருவர் மொன்றியலிலே சட்டத்தரணி பிடித்து வழக்காடுவது எங்ஙனம்? இதனிடையே வைத்தியசாலைக் கணக்கு மகனுடைய பெயருக்கு வந்து சேரும். மாகாண வைத்தியக் காப்புறுதி இல்லாத வெளிநாட்டவருக்கு இங்கே ஒரு நாட் கட்டணமே பல ஆயிரம் டொலர். 2011 முடிவிலே தொடங்கிய பெற்றோருக்கான சுப்பர் விசாவிலே வருவோர் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கு வைத்தியக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். சாதாரண பார்வையாளர் விசாவுக்கு அக்கட்டாயம் இல்லை. சுப்பர் விசாவிலே ஆண்டுக்கணக்காகத் தங்குபவர் இங்கு 'வாழ்பவரா', 'வந்து செல்பவரா' என்பதும் வாதத்துக்கு இடமான விடயமே.

எமது கருத்துக்கு மறுப்பு உண்டு. காப்புறுதி நிதிக்கு ஒரு சதமும் செலுத்தாத விருந்தினருக்கு ஏன் முழுத்தொகை என்று கேட்பார்கள். அந்நிதி சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் வாகனப் பதிவுக்கும் செலுத்தும் பணத்திலிருந்து வருகிறது. கார் இல்லாத, வாகனம் ஓட்டத் தெரியாத பார்க் எக்ஸ்டென்ஷன் வாசி எவரும் அதற்கு ஒன்றும் செலுத்துவதில்லை. என்றாலும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஏனெனில் ஆபத்தை வீதிக்குக் கொண்டுவருபவரே அதன் செலவையும் தாங்க வேண்டும் என்பது அந்நிதியின் அடிப்படை. மகனுடைய காரிலே அமர்ந்த தாயும் செலுத்தவில்லை, அவருக்கும் கொடுக்கிறார்கள். நடந்து சென்றவரிடம் மட்டும் பற்றுச்சீட்டுக் கேட்பதற்கு நியாயம் இல்லை. பணம் போதாது என்ற வாதத்தையும் இதே சபையின் வாயிலிருந்து கேட்க எமக்கு மனமில்லை. அதன் கணினித் திட்டம் மதிப்பிட்டதைவிட ஐம்பது கோடி டொலர் வரை மிகையாகச் செலவாகும் என்று 2025 பெப்ரவரியிலே மாகாணக் கணக்காய்வாளர் அம்பலப்படுத்தி, அதன்மேல் விசாரணைக் குழுவே அமைக்கப்பட்டதை வாசகர் அறிவர்.

பிழை பாராத முறை முழுவதும் இனிப்பானது என்று நாம் கூறமாட்டோம். வெஸ்ட்மவுண்ட் நகரிலே 2006 இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மீது மரம் சாய்ந்து ஓர் இளைஞர் இறந்தார். பெற்றோர் நகராட்சிமீது வழக்கிட்டனர். இது வாகன விபத்தே, எனவே வழக்கிட முடியாது என்று 2012 இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பின்னரான சிகிச்சையிலே வைத்தியர் பிழை செய்தாலும் அவர்மீது வழக்கில்லை என்று 2017 இலும் அதே நீதிமன்றம் கூறியது. மரத்தைப் பராமரியாதவர்களை மன்றிலே நிறுத்த வேண்டும் என்ற அந்தப் பெற்றோரின் துயரம் எமக்கு நன்கு விளங்குகிறது. உயிரிழந்தவருக்காக எவரும் பதில் கூறாத நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். இருந்தும், வழக்காட வசதியுள்ள ஒருவருக்குக் கிடைக்கும் பெருந்தொகையைவிட, வசதியற்ற பத்துப் பேருக்கு உறுதியாகக் கிடைக்கும் சிறுதொகையையே எமது மக்களின் நிலையிலிருந்து நாம் தெரிவு செய்வோம்.

ஆகவே 9 ஆம் பிரிவிலிருந்து பிழைப் பங்கு நீக்கப்பட வேண்டும் என்பது எமது கோரிக்கை. முழுவதும் நீக்க அரசாங்கம் தயங்கினால், பாதசாரிகளையும் சைக்கிளோட்டிகளையும் மட்டுமாவது விலக்கலாம். அதற்கு நல்ல முன்மாதிரி பிரான்சிலே இருக்கிறது. மரண தண்டனையை ஒழித்த அதே நீதி அமைச்சர் றொபேர் பதந்தேரின் பெயரால் வழங்கும் 1985 யூலை 5 ஆம் திகதிச் சட்டம், வாகனம் மோதிய பாதசாரியிடம் சாதாரண பிழையைக் காட்டி நட்டஈட்டைக் குறைக்கத் தடை விதித்தது. மன்னிக்க முடியாத பெரும் பிழையாகவும், அதுவே விபத்தின் ஒரே காரணமாகவும் இருந்தாலன்றி அவருடைய நட்டஈடு குறையாது. பதினாறு வயதுக்குக் குறைந்தோரிடமும் எழுபது வயதுக்கு மேற்பட்டோரிடமும் அதனைக்கூடக் கேட்க முடியாது. தாமே தமக்குத் தீங்கு தேடியிருந்தால் மட்டுமே மறுக்கலாம். லா சப்பலிலே தம்பி வீட்டுக்கு விருந்து சென்று, கடைத்தெருவிலே தவறிய பக்கம் பார்த்துக் கால் வைத்த எழுபத்திரண்டு வயதுத் தாய் அங்கே முழுமையாகக் காக்கப்படுவார். அண்ணன் வீட்டுக்கு மொன்றியல் வந்தால் கணக்குப் பார்க்கப்படுவார். சட்டக்கோவையைப் பிரெஞ்சு மரபிலிருந்து பெற்றதாகப் பெருமை கொள்ளும் மாகாணம், அம்மரபின் இந்நல்ல பகுதியையும் எடுத்துக்கொள்வதிலே தவறில்லை.

பனிக்கட்டியிலே வழுக்கி விழுவோர் விடயம் வேறு. அங்கே வாகனம் சம்பந்தப்படாததால், இங்கு வாழ்வோருக்கும் 1478 ஆம் பிரிவின் பங்குக் கணக்கே பொருந்தும். நகராட்சியின் கவனக்குறைவையும் விழுந்தவரே நிறுவ வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் நகராட்சிக்கு அறிவித்தல் அனுப்பத் தவறியதனால் உடற்காய வழக்கு இல்லாமற்போகாது என்று 1997 இல் வெர்டன் நகராட்சி வழக்கிலே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆயினும் நேரத்துக்கு அனுப்பி, விழுந்த இடத்தை அன்றே படம் பிடித்து வைப்பது நல்லது. இதனைக் குளிர்காலத்துக்கு முன்னர் தனியாக எழுதுவோம்.

சட்டம் மாறும்வரை வீட்டிலே செய்யக்கூடியவை சில உண்டு. விருந்தினர் வந்த முதல் நாளே அவர்களைச் சந்திக்கு அழைத்துச் சென்று, இடப்புறம் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள். குழந்தைக்குக் கற்பிப்பதாக அவர்கள் மனம் நோகாமல் செய்யுங்கள். விபத்து நேர்ந்தால் பொலிசாரை அழைக்காமல் விடாதீர்கள். கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அங்கேயே பெறுங்கள். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை பிழை பற்றி எதுவும் கூற வேண்டாம் என்று முதியவருக்குச் சொல்லி வையுங்கள். சபைக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டு அவகாசம் உண்டு. அவர்கள் ஊர் திரும்பினாலும் விண்ணப்பிக்கலாம்.

கியூபெக் தேசிய சட்டமன்றத்துக்கு மகஜர் கொடுப்பதாயின் ஓர் உறுப்பினர் மூலமே சமர்ப்பிக்க வேண்டும். எமது பகுதி லோரியே-டோரியோன் தொகுதியிலே அடங்குகிறது. கிரேக்கரும் பஞ்சாபியரும் வங்காளிகளும் இதே வீதிகளிலே தத்தம் பெற்றோரை அழைத்து வைத்திருப்பவர்களே. அவர்களையும் சேர்த்துக்கொண்டே உறுப்பினரிடம் செல்ல எண்ணியிருக்கிறோம். மகஜரை எழுதுமுன் எமக்கு வேண்டியது ஒன்று. பார்வையாளராக வந்த பெற்றோருக்கோ உறவினருக்கோ, பொறுப்பு இத்தனை வீதம் என்று குறித்துச் சபையிலிருந்து வந்த கடிதம் எவரிடமாவது இருந்தால், அதன் பிரதியைப் பெயரையும் விலாசத்தையும் மறைத்து எமக்குத் தந்துதவுங்கள். கடிதத்தின் திகதியை மாத்திரம் மறைக்க வேண்டாம். 180 நாட்கள் இன்னும் கடந்திராவிட்டால், எம்மிடம் தருமுன்னர் அதனை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.